கெட்டிலுக்கு ஓர் உறை

பிப்ரவரி 24, திங்கள்

காலை: இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. மதியம்: சாதம், அவரைப் பொரியல், மோர். மாலை: சுண்டல். இரவு: சப்பாத்தி இரண்டு.

தின்பதையெல்லாம் எழுதிக் காட்ட வேண்டுமாம். டாக்டரம்மாவின் உத்தரவு. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. "பயப்பட ஒண்ணுமில்ல சுகந்தி. ஆனா மறைக்காம எழுதணும்" என்றார். என் வீட்டுக்காரர் நந்தகோபால் உடனே, டயர் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரியைத் தூசி தட்டி எடுத்துத் தந்துவிட்டார். அவருக்கு இந்த மாதிரி உத்தரவு என்றால் கொண்டாட்டம்.

மறைக்காமல் என்றால், இட்லி ஐந்து.

இன்னும் இரண்டு உத்தரவு. பாரம் தூக்கக் கூடாது. நின்றுகொண்டு மாவு பிசையக் கூடாது. நானோ வீட்டிலேயே கேக், பன் போட்டு விற்கிறவள். குன்னூரில் எங்கள் தெருவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் என் ஓவன்தான் சூடாகும். "உட்கார்ந்துக்கிட்டு பிசையலாமா டாக்டர்?" என்று கேட்டேன். முறைத்தார். கூடாது என்று சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

காலை: தோசை இரண்டு. (நிஜமாகவே இரண்டுதான்.)

பின்பக்கத்து ப்ளம்ஸ் மரம் பூத்துவிட்டது. ஓர் இலை கிடையாது, மரம் முழுக்க வெள்ளை. பனியும் விட்டது. குளிர்காலம் முழுக்கப் போர்வை போர்த்தி, கெஞ்சி, அதட்டி உப்ப வைத்த பன் மாவு, இப்போது சொல்லாமலே எழும்பி நிற்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. மே மாதம் வரை எதுவும் வாங்கக் கூடாது, எதுவும் செய்யக் கூடாது, எதுவும் பேசி வைக்கக் கூடாது. பெயர், துணி, தொட்டில், ஒன்றும் கூடாது. பரணில் இருக்கும் பச்சை டிரங்குப் பெட்டியை யாரும் தொடக் கூடாது என்பதும் சேர்த்தி. சட்டம் போட்டவள் நான். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

ஆனால் சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கை அரிக்கும். பஜாரிலிருந்து இரண்டு உருண்டை கம்பளி நூல் வாங்கிவரச் சொன்னேன். வெள்ளையும் இளம்பச்சையும். மஞ்சள் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கெட்டிலுக்கு ஓர் உறை பின்னப் போகிறேன். மலையில் டீ சீக்கிரம் ஆறிவிடுகிறது.

மார்ச் 5, புதன்

அவர் டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். இன்று சாயங்காலம் பழைய டீப்பெட்டிப் பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"என்னங்க இது?"

"கோழிக்கூண்டு செய்யலாம்னு."

"கோழியா? நமக்கா?"

"நாட்டுக்கோழி முட்டைன்னா கேக் நல்லா வரும்னு நீதானே சொன்னே."

எப்போது சொன்னேன் என்று ஞாபகமில்லை. சொல்லியிருப்பேன். நான் சொல்லாத விஷயம் இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

மதியம்: கீரை, ஒரு கப் சாதம். டாக்டரம்மா, கப் பெரியது.

மார்ச் 11, செவ்வாய்

கோழிக்கூண்டை மூன்று நாளாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தேய்ப்பது, ஊதுவது, கன்னத்தை வைத்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. கோழிக்கு எதற்கு இந்த வழவழப்பு என்று நான் கேட்கவில்லை. அவரும் கெட்டில் உறையின் உச்சியில் நான் எதற்குக் குஞ்சம் வைக்கிறேன் என்று கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சாந்தாமணி அண்ணி மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார். என் வீட்டுக்காரரின் அக்கா. இருபது நிமிடம் முன்னால்தான் போன் செய்தார், அதுவும் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து. கையில் மூன்று பை, இடுப்பில் ஒரு மஞ்சத்துணி மூட்டை.

"ஏங்கண்ணு, இப்படி எளச்சுப் போயிட்டே?" என்றார். நான் பதினோரு கிலோ ஏறியிருக்கிறேன்.

வளைகாப்பு வேண்டாம் என்று போன மாதமே சண்டை போட்டு ஜெயித்துவிட்டேன். அந்தக் கோபம் இருக்கும் என்று பார்த்தால், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வந்ததும் வராததுமாகச் சமையலறையை எடுத்துக்கொண்டார். மஞ்சத்துணி மூட்டையை அவிழ்த்து எதையோ ஒரு டப்பாவில் கொட்டி மேல்தட்டில் வைத்தார். என் அளவுக் கரண்டிகளைக் கழுவிச் சாம்பார்க் கரண்டிகளோடு சேர்த்துப் போட்டுவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிற்பகல் பார்த்தால், மாமனாரின் பழைய வேட்டிகளை விரித்து வைத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"அடுப்படிக்குத் தொடைக்கற துணி கண்ணு. உங்கூட்ல ஒரு நல்ல துணி இல்ல."

அடுப்படித் துணிக்கு நாலு ஓரமும் மடித்துத் தைப்பார்களா? நாலு முனையில் இரண்டில் நாடா வைப்பார்களா? வைப்பார்கள் போல. மேட்டுப்பாளையத்து வழக்கமாக இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் கோயிலில் எல்லோருக்கும் சிலுவை போட்ட பன். வருடா வருடம் என் கையால்தான். "இந்த வருசம் உன்னால முடியுமாடி? வேணாம்னா பேக்கரில சொல்லிடறேன்" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. முடியாது என்று யார் சொன்னது? உட்கார்ந்துகொண்டு பிசைவேன்.

பிலோமினா அக்காவுக்கு நாலு பிள்ளைகள். நாலும் திடகாத்திரம், ஒன்று பட்டாளத்தில். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

போகிறவர் நேரே போகாமல் வேலிப் பக்கம் அண்ணியோடு நின்று குசுகுசுவென்று அரைமணி நேரம். நான் ஜன்னலில் எட்டிப் பார்த்ததும் இரண்டு பேரும் செம்பருத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். என் இட்லிக் கணக்கைத்தான் பேசியிருப்பார்கள்.

மார்ச் 29, சனி

அவர் நெல்லிக்காய் வாங்கி வந்தார். ஏழு தின்றேன். சர்க்கரை இல்லை என்பதால் எண்ணிக்கை செல்லாது.

ஏப்ரல் 2, புதன்

டாக்டரம்மா மைதாவைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். கோதுமை, ராகி, தவிடு என்று சாப்பிடுங்கள் என்றார். என் தொழிலையே பிடுங்கிவிட்டு எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

வீட்டுக்கு வந்து டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். அண்ணி துணி துவைக்கப் போயிருந்தார். மேல்தட்டில் இருந்த டப்பாவில், ஆச்சரியம், தவிடு! நல்ல அரிசித் தவிடு. ஊரிலிருந்து வந்த மூட்டை இதுதான். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்து அண்ணி எனக்காகவே கொண்டுவந்து சொல்லாமல் வைத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷியை என்னவெல்லாம் நினைத்தேன்!

தவிடு நாள்பட்டால் காறல் அடிக்கும். முகர்ந்து பார்த்தேன், இன்றோ நாளையோ என்று இருந்தது. சலித்து, வறுத்து, கோதுமை மாவும் கொஞ்சம் வெண்ணெயும் ஏலக்காயும் போட்டு, மொத்தத்தையும் பிஸ்கட்டாகப் போட்டுவிட்டேன். உட்கார்ந்துகொண்டுதான்.

அவர் ஒன்றைக் கடித்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருவேளை நமக்குக் கோழியோட மாடும் வாங்கணும் போலிருக்கு" என்றார்.

நானும் தின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், வைக்கோல். மிச்சத்தைப் பிலோமினா அக்காவுக்கு டின்னோடு கொடுத்தனுப்பினேன். உடம்பு இளைக்க நல்லது என்று சொல்லச் சொன்னேன். டப்பாவைக் கழுவித் துடைத்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அண்ணியிடம் நன்றி சொல்லலாம் என்று பார்த்தேன்; சொன்னால் பிஸ்கட் கேட்பார், கேட்டால் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கெட்டில் உறை முடிந்தது. மூக்குக்கு ஓட்டை விட மறந்துவிட்டேன். பரவாயில்லை.

கோழிக்கூண்டும் முடிந்தது. கம்பி வலை அடிக்கவில்லை. அடியில் வளைந்த கால் இரண்டு வைத்திருக்கிறார். விரலால் லேசாகத் தள்ளினால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுகிறது.

அண்ணி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "கோழிக்கு நல்ல சொகம்" என்றார். பிறகு, அடுப்படித் துணிகளை மடித்துக் கொண்டுவந்து, ஈரம் படாத இடமாக இருக்கட்டும் என்று அந்தக் கூண்டுக்குள்ளேயே அடுக்கினார். நானும் கெட்டில் உறையை அதன்மேல் வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.  அவர்தான் முதலில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஃபியூஸ் பார்க்கப் போனார்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையிலிருந்து அசையவில்லை.

கஞ்சி குடித்தேன். இடதுபக்கம் படுத்தேன். குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். எப்போதும் தோசைக்கல் சத்தம் கேட்டால் ஓர் உதை வரும். அண்ணி தோசைக்கல்லைக் கரண்டியால் தட்டித் தட்டிப் பார்க்கிறார். ஒன்றுமில்லை. அவர் வண்டி பிடிக்கப் போயிருக்கிறார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கே நேரே வந்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

வண்டி வரும்வரை எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எட்டாம் மாதம். நான் எல்லாம் தைத்து முடித்திருந்தேன். மஞ்சள் ஸ்வெட்டர், மஞ்சள் தொப்பி, ஒட்டுத்துணிப் போர்வை, மெத்தை, கையுறைகூட. பெயரும் வைத்திருந்தோம். தெருவெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கும் இப்படித்தான், காலையிலிருந்து அசையவில்லை; நான் ஓவனில் கேக் வைத்திருந்தேன், இறக்கிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். பையன். அழவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன், அவன் அழவே இல்லை.

அவர் எல்லாவற்றையும் பச்சை டிரங்கில் போட்டுப் பரணில் ஏற்றினார். முன்கூட்டியே ஆசைப்பட்டுத் தைத்ததால்தான் போனான் என்று யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன், மூன்று வருடமாக.

இந்த முறை நான் எதுவும் தைக்கவில்லை. எதுவுமே செய்யவில்லை. கெட்டிலுக்குத்தான் செய்தேன்.

பயமாக இருக்கிறது. ஹாரன் கேட்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். பெண்.

அழுதாள். நான் கேட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நாள் நிறையாமல் வந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மூச்சு நன்றாக இருக்கிறது, பால் இழுக்கத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். காது இரண்டும் அவருடையது, அப்படியே. பாவம்.

நர்ஸ் வந்து, "தலைக்குக் குளிரும்மா, தொப்பி ஏதாச்சும் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"தொப்பி இல்ல சிஸ்டர். கெட்டில் உறை ஒண்ணு இருக்கு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அண்ணி பைக்குள் கைவிட்டு அதை எடுத்துக் கொடுத்தார். நான் எடுத்து வைக்கவில்லை. அந்த அவசரத்தில் அண்ணிதான் எடுத்துப் போட்டிருக்கிறார். நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே கொண்டு போனாள். அளவு சரியாக இருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. ஆஸ்பத்திரி கேன்டீனில் பாயசம் கொடுத்தார்கள். குடித்தேன். இரண்டு டம்ளர். டாக்டரம்மா, இன்று மட்டும்.

பால் இழுக்கிறாள்!

ஏப்ரல் 17, வியாழன்

பன்! பிலோமினா அக்காவின் பன் ஆர்டர்! காலையில் கண் விழித்ததும் அதுதான் நினைவுக்கு வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன், தையல் சுரீரென்றது.

"படு. நான் போயி போடறேன்" என்றார் அவர்.

"நீங்களா?"

"பதினஞ்சு வருசமாப் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

குன்னூர் பஸ் பிடித்து மலை ஏறிவிட்டார். மதியம் வீடியோவில் கூப்பிட்டார். என் சமையலறை முழுக்க மாவு. கூரையில்கூட மாவு. பக்கத்தில் முழங்கைவரை மாவோடு பிலோமினா அக்கா. ஆர்டர் கொடுத்தவரே வந்து பிசைகிறார்.

"கையில ஒட்டுதாங்க?"

"ஒட்டுது."

"அப்ப இன்னும் பிசைங்க."

"எவ்வளவு நேரம்டி? எனக்கு எளச்சே போச்சு. உன் தவிட்டு பிஸ்கட்டே தேவலாம்" என்றார் பிலோமினா அக்கா.

போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்த அண்ணி, தன் பங்குக்கு, "தம்பி, சப்பாத்திக்குப் பெசையற மாதிரி பெசையாதீங்க! மெதுவா!" என்று கத்தினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சிரித்தாள். தவிட்டு பிஸ்கட் என்ற வார்த்தை அண்ணியின் காதில் விழவில்லை. விழுந்திருந்தால், என்ன பிஸ்கட் என்று துருவியிருப்பார்.

சாயங்காலம் படம் அனுப்பினார். எல்லாப் பன்னிலும் சிலுவை கோணல். ஆனால் நன்றாக உப்பியிருந்தன.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மலை ஏறும்போது கோடைத் தூறல். வண்டி வாசலில் நின்றபோது பிலோமினா அக்கா ஈஸ்டர் பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். எனக்குத் தையல் வலி, குனிய முடியவில்லை. குடையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அக்காதான் பிள்ளையை வாங்கிக்கொண்டார். நான் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வாசற்படிக்கு வந்தால், முன்னால் ஓடிப்போயிருந்த அண்ணி இரண்டு கையையும் நீட்டிக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"நில்லுங்க. புள்ளைய உள்ள கொண்டாரக் கூடாது. மொதல்ல விக்கோணும்."

"என்னது?"

"தவுட்டுக்கு விக்கோணும் கண்ணு. ஒரு வார்த்தைதான். கோவிச்சுக்காத."

தலைப்பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவார்களாம். எமன் தேடி வந்தால், அது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை, விற்றாயிற்று என்று சொல்லிவிடலாம். பிள்ளை வளர்வது என்னவோ பெற்றவளிடம்தான். சின்ன வயதில் நம்மையெல்லாம் 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று சொல்லி அழவிட்டிருப்பார்களே, அதற்கு இப்படி ஒரு நிஜம் இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரியும். வாங்குகிறவர் நாலு பெற்று நாலையும் வளர்த்த பிலோமினா அக்கா. வேலிப் பக்கத்துக் குசுகுசு இதற்குத்தான்.

"அக்கா, நீங்களுமா? உங்க ஃபாதருக்குத் தெரிஞ்சா?"

"ஃபாதர்கிட்ட நான் பாத்துக்கறேன். நீ சும்மா நில்லு" என்றார் அவர்.

அண்ணி சமையலறைக்குள் போனார். டப்பா திறக்கிற சத்தம். பிறகு ஓர் அலறல்.

"ஐயோ! தவுடு எங்க? எங்கூர்ல சாமிகிட்ட வெச்சுக் கும்புட்டு எடுத்தாந்த தவுடு! யாரு எடுத்தா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன்.

"நாந்தான் அண்ணி. பிஸ்கட் போட்டுட்டேன்."

"என்னது?"

"எனக்குச் சர்க்கரைன்னு எனக்காகக் கொண்டு வந்தீங்கன்னு நெனச்சேன்."

அண்ணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "சாமித் தவுட்டை பிஸ்கட்டு சுட்டுப்போட்டியா!" என்று அழ ஆரம்பித்தார். விளையாட்டு அழுகை இல்லை. தேம்பித் தேம்பி அழுதார். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வாசலில் நான் வெறும் கையோடு வந்து நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்டவர் இவர்தான். அப்போதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. என் எதிரில் அழக் கூடாது என்று எவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தாரோ. 

"நந்து, ஓடிப்போய் எங்க வீட்டு அலமாரில அந்த டின்னை எடுத்துட்டு வா" என்றார் பிலோமினா அக்கா. "பிஸ்கட்ல தவிடுதானே இருக்கு? யாருக்கும் அது இறங்கல, அப்படியேதான் கெடக்கு."

டின் வந்தது. அக்கா ஒரு கையில் பிள்ளையை அணைத்தபடி மறுகையால் டின்னை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்பச் சொல்லு கண்ணு. இது என்ற புள்ள இல்ல, உன்ற புள்ளன்னு சொல்லிரு. அவ்வளவுதான், உள்ள வந்தர்லாம்."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. எட்டு மாதமாக இந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்தவள் நான். இது எனக்கு என்ன கஷ்டம்?

பச்சை வெள்ளைத் தொப்பிக்குள் அவள் கொட்டாவி விட்டாள்.

"என் பிள்ளை" என்றேன். "இது என் பிள்ளை அண்ணி. என்னால மாத்திச் சொல்ல முடியாது. என் பிள்ளை, என் பிள்ளை."

நிறுத்த முடியவில்லை. தெருவே கேட்டிருக்கும். எமனும் கேட்டிருப்பான். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிலோமினா அக்கா மட்டும் அசையவில்லை. "சாந்தாமணி, அவள விடுங்க. பிள்ளை இப்ப யார் கையில இருக்கு? என் கையில. வண்டியிலிருந்து இறக்கினதே நான்தான். அதனால இது என் பிள்ளை, என் அஞ்சாவது. எமன் வந்தா எங்க வீட்டுக் கதவைத் தட்டட்டும், நான் பேசிக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவ்வளவு அழறியே, என் பிள்ளை உனக்கு வேணுமா?"

"வேணும்க்கா."

"சும்மாத் தர முடியாது. என்ன வெச்சிருக்கே?"

கையில் இருந்ததைப் பார்த்தேன். "தவிட்டு பிஸ்கட்தான்க்கா இருக்கு."

"குடு."

டின்னைக் கொடுத்தேன். அக்கா பிள்ளையை என் கையில் வைத்தார். அண்ணி வாயைப் பிளந்துகொண்டு ஒருதடவை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "ஆமா... தவுட்டுக்கு வாங்குன புள்ளதான். சரிதான். சரியாத்தான் இருக்குது!" என்று வாசற்கதவை அகலத் திறந்துவிட்டு, ஆரத்தித் தட்டை எடுக்க ஓடினார்.

உள்ளே வந்ததும் என் வீட்டுக்காரர் பிள்ளையை வாங்கிக் கோழிக்கூண்டில் படுக்க வைத்தார். அடுப்படித் துணியின் மேல்தான். விரலால் லேசாகத் தள்ளினார். தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

பரணிலிருந்து பச்சைப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டார், நிஜமாகவா என்று. நிஜமாகத்தான்.

பூச்சி உருண்டை வாசனை. மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அவரும் அழுதார். பிறகு எல்லாவற்றையும் வெந்நீரில் அலசிப் பின்பக்கம் காயப் போட்டோம். ப்ளம்ஸ் மரத்தில் பூவெல்லாம் போய் இலை வந்து, நடுநடுவே பட்டாணி அளவில் காய் பிடித்திருக்கிறது. ஸ்வெட்டர் இவளுக்குப் பெரியது. மழைக்காலத்துக்குச் சரியாக இருக்கும். அண்ணன் சட்டை தங்கச்சிக்கு வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

நாளை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். டைரியைக் கேட்பார். காலையிலிருந்து அண்ணியின் களியும் பூண்டுக் குழம்பும் தவிர வேறொன்றும் தின்னவில்லை.

டாக்டரம்மா, மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். இட்லிக் கணக்கையெல்லாம் அங்கங்கே திருத்திவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. எங்கள் வீட்டில் கெட்டில் கிடையாது. நாங்கள் டீ போடுவது ஈயப் பாத்திரத்தில். கோழியும் கிடையாது. மகள் இருக்கிறாள்.